பத்தடிப் பாதை

மேல போர்ஷன் அவ்வளவுதான் தம்பி. ரெண்டு ரூம், ஒரு கிச்சன். காத்து நல்லா வரும். உட்காருங்க, இந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கங்க. என்ன பார்க்கிறீங்க? அந்தச் சுவரா? ஏன் நடுவுல உடைச்சு விட்டிருக்குன்னுதானே கேட்கப் போறீங்க. வீடு பார்க்க வர்ற எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. சமையலறை எவ்வளவு பெரிசுன்னு ஒருத்தரும் கேட்கிறதில்லை.

அதை நான்தான் கட்டினேன். நான்னா, குடியிருப்போர் சங்கம். சங்கம்னா நான்தான்.

நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். சபாநடேசன். முப்பத்தோரு வருஷம் நகரத் திட்டமிடல் ஆபீஸ்ல இருந்தேன். வரைவாளரா சேர்ந்து உதவி இயக்குநரா ரிட்டையர் ஆனவன். இந்தத் திருச்சியைச் சுத்தி இன்னைக்கு நீங்க பார்க்கிற நகர்கள்ல பாதி என் மேஜை மேல பென்சில் கோடா கிடந்ததுதான். எந்தத் தெரு எத்தனை அடி, எங்க பூங்கா, எங்க சமுதாயக் கூடம், எல்லாம் நான் போட்ட கோடு. அதனால சமூகம், கம்யூனிட்டின்னு இப்ப எல்லாரும் பேசுறாங்களே, அதைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இத்தனை குடும்பத்துக்கு ஒரு கூடம், இத்தனை சதுர அடிக்கு ஒரு பூங்கா. போட்டா சமூகம் வந்துடும். வரலைன்னா அது ஜனங்களோட தப்பு, வரைபடத்தோட தப்பு கிடையாது.

இந்த நந்தவன நகரும் நான் வரைஞ்சதுதான். அப்ப எனக்கு வயசு முப்பத்தொண்ணு. பின்னாடி நானே இங்க ஒரு மனை வாங்கிக் குடி வந்தேன். முப்பத்திரண்டு வீடு. டாக்டர் இருக்கார், காலேஜ் புரொபசர் இருக்கார், ரெண்டு பேங்க் மேனேஜர் இருக்காங்க. வாசல்ல நோட்டீஸ் போர்டு பார்த்தீங்களா? என் கையெழுத்து. முத்து முத்தா இருக்கும்.

அந்தப் பக்கம் சூளைத் தெரு. அந்தக் காலத்துல செங்கல் சூளை இருந்தது. அதுல வேலை பார்த்தவங்க அங்கேயே குடிசை போட்டாங்க, அப்புறம் ஓட்டு வீடு, இப்ப தார்சு போட்ட கான்கிரீட் வீடு. சூளை மூடி இருபது வருஷம் ஆச்சு, அவங்க மட்டும் போகலை. அந்தத் தெருவுக்கும் நம்ம ரெண்டாவது தெருவுக்கும் நடுவுல ஒரு பத்தடிப் பாதை. அதுல புகுந்து நம்ம தெரு வழியா நடந்தாத்தான் அவங்களுக்கு பஸ் ஸ்டாப்பு, ஸ்கூல், ரேஷன் கடை எல்லாம். இல்லைன்னா பைபாஸ் ஓரமா ஒன்றரைக் கிலோமீட்டர் சுத்தணும்.

சுத்தட்டுமே. கால் இருக்குல்ல.

நீங்களே சொல்லுங்க. காலைல ஆறு மணிக்கு நான் பேப்பர் படிக்கிறேன். தூக்குச் சட்டியை ஆட்டிக்கிட்டு பத்துப் பொம்பளைங்க கலகலன்னு பேசிக்கிட்டுப் போறாங்க. எட்டரைக்கு ஸ்கூல் பசங்க. போற போக்குல புரொபசர் வீட்டுச் செம்பருத்தியைப் பறிக்கிறது. சாயந்திரம் திரும்பி வர்றப்ப நம்ம பூங்கா பெஞ்சுல உட்கார்ந்து இளைப்பாறுறது. அந்தப் பெஞ்சு யாருக்காகப் போட்டது? நம்ம குடியிருப்போருக்காக. நம்ம ஆளுங்க யாராவது அதுல உட்கார்ந்து பார்த்திருக்கீங்களான்னு கேட்காதீங்க. உட்காரலைன்னாலும் நம்மது நம்மதுதானே.

அதனால நான் செயலாளர் ஆனதும் முதல் வேலையா தீர்மானம் போட்டேன். போட்டியின்றித் தேர்வு, தம்பி. கூட்டத்துக்கு வேற யாரும் வரலை, அது வேற விஷயம். சித்திரை மாசம் தெரு ஓரம் பூரா, பாதைக்கும் குறுக்கால, சுவர் எழும்புச்சு. ஏழடி. சட்டப்படி அது பொதுப் பாதை, அடைக்கக் கூடாது, உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தது. அது எனக்குத் தெரியாதா? எழுதிக் கொடுக்க வச்சதே நான்தானே. ஆனா அப்ப நான் ஆபீஸர். இப்ப குடியிருக்கிறவன். ரெண்டும் வேற வேற பார்வை.

சுவர் எழும்பினதும் என்ன அமைதி. சாயந்திரம் நாலு மணிக்கு இதே இடத்துல, இந்த மொட்டை மாடியில உட்கார்ந்து டீ குடிப்பேன். திலகா, அதாவது என் மனைவி திலகவதி, டீயைக் கொண்டுவந்து வச்சுட்டுக் கோயிலுக்குக் கிளம்பிடுவா. தினமும். ரொம்ப பக்தி. முன்னெல்லாம் அஞ்சரைக்கு வந்துடுவா. சுவர் வந்தப்புறம் ஆறரை ஆயிடுச்சு. செருப்பெல்லாம் பைபாஸ் மண்ணு. என்னடி இவ்வளவு நேரம்னேன். சுத்திப் போறேங்கன்னா. சரி, பிராகாரத்தைச் சுத்துறாளாக்கும்னு நினைச்சுக்கிட்டேன். நூத்தெட்டு சுத்து சுத்துறவங்க இல்லையா?

வைகாசியில கேட்க ஆரம்பிச்சுது அந்தச் சிரிப்பு. தெருவுல சந்தடி இருந்தவரைக்கும் அது காதுல விழுந்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்துலேருந்து. பொம்பளைங்க சிரிப்புதான், ஆனா அதுல ஒருத்தி சிரிக்கிறது தனியாக் கேட்கும். முதல்ல ஒரு விக்கல் மாதிரி வரும். அப்புறம் அடக்க முடியாம வெடிச்சு, மேல மேல போய், மூச்சு வாங்கி, முடிஞ்சுதுன்னு நினைக்கிறப்ப திரும்பவும் ஆரம்பிக்கும். ஒரு குடும்பப் பொம்பளை சிரிக்கிற சிரிப்பா அது? வளர்ப்பு அப்படின்னு நினைச்சேன். புருஷன் கண்டிக்க மாட்டானான்னு நினைச்சேன்.

நான் சும்மா விடுவேனா? தேதி, நேரம் எல்லாம் குறிச்சேன். வைகாசி பதினாலு, நாலு நாப்பது முதல் நாலு அம்பத்தஞ்சு வரை உரத்த சிரிப்பு. வைகாசி பதினேழு, நாலு அம்பது, மிக உரத்த சிரிப்பு. மூணு மனு எழுதினேன், பொது அமைதிக்குப் பங்கம்னு. ஸ்டேஷன்ல இருந்த எழுத்தர் வாங்கிப் பார்த்துட்டு, "சார், சிரிச்சதுக்கா மனு?"ன்னார். அவருக்கு என்ன தெரியும்? நாலாவது மனுவுக்கு ஆள் யாருன்னு பேரோட எழுதணும்னு, இதோ இந்தத் தண்ணி டேங்க் மேல ஏறினேன். அறுபத்தேழு வயசுல.

அந்தப் பக்கம் ஒரு வேப்ப மரம். அடியில சாக்கு விரிச்சு ஏழெட்டுப் பொம்பளைங்க. நடுவுல சின்ன வெங்காயம் மலை மாதிரி. ஓட்டல்களுக்கு உரிச்சுக் கொடுக்கிறாங்க, மூட்டைக் கணக்குல. வெங்காயத் தோலு காத்துல பறந்து எல்லார் தலையிலயும் ஒட்டிக்கிட்டிருக்கு. அதுல ஒருத்தி மணைக்கட்டையில உட்கார்ந்து, மடியில முறத்தை வச்சுக்கிட்டு, வாயைத் திறந்து சிரிக்கிறா. புறங்கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிக்கிறா. பக்கத்துல இருக்கிறவ முதுகுல ஒரு அடி வச்சுட்டு சிரிக்கிறா.

திலகா.

நான் கூப்பிடலை. கூப்பிட்டா அசிங்கம், உதவி இயக்குநர் தண்ணி டேங்க் மேல நிக்கிறார்னு நாலு பேர் பார்ப்பாங்க. மெதுவா இறங்கினேன். முழங்கால் சிராய்ச்சுது. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் தம்பி. அவ சிரிச்சு நான் பார்த்ததில்லையான்னா, பார்த்திருக்கேன். புன்சிரிப்பு. லட்சணமா இருக்கும். இந்தச் சத்தம் அவகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது.

ஆறரைக்கு வந்தா. கேட்டேன். கோவமே படாம, சாதாரணமாக் கேட்டேன். "கோயில்ல இன்னைக்குக் கூட்டமா?"

"கோயிலுக்குப் போகலைங்க. செங்கமலம் வீட்டுக்குப் போனேன்."

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அந்த மரியாதைகூட இல்லை.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

"கோயிலுக்குன்னு சொன்னியே?"

"நான் சொல்லலைங்க. நீங்கதான் கோயிலுக்கான்னு கேட்டீங்க, முதல் நாளு. பதில் சொல்றதுக்குள்ள பேப்பரைப் பிரிச்சுட்டீங்க. அப்புறம் நீங்க கேட்கவே இல்லை."

எப்படி இருக்கு பதில்? நாலு வருஷமா அவ விரல்ல வெங்காய வாடை. நான் சாம்பார்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்தச் செங்கமலம் யாருன்னா, நாலு வருஷத்துக்கு முன்னாடி திலகா பாதையில வழுக்கி விழுந்திருக்கா, மழை நாள்ல. இந்தச் செங்கமலம்தான் தூக்கி உட்கார வச்சு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கா. அன்னைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். நகரோட ஆண்டறிக்கை எழுதிக்கிட்டிருந்தேன். நொண்டிக்கிட்டு வந்தாளாம், நான் கவனிக்கலையாம். அவ்வளவுதான் பழக்கம் ஆரம்பிச்சது. சரி, உதவி செஞ்சா. ஒரு புடவை எடுத்துக் கொடுத்துட்டு முடிச்சுக்க வேண்டியதுதானே? போய் உட்கார்ந்து வெங்காயமா உரிக்கிறது? கூலியாவது வாங்கினாளான்னா அதுவும் இல்லை. சும்மா உரிக்கிறா. அதைவிடக் கேவலம் என்னன்னா, அந்தப் பொம்பளைங்க அவளை அம்மான்னு கூப்பிடலை. அக்காவாம். செங்கமலம் ஒருபடி மேல, நீ, வா, போ. "நீ ஏன்க்கா இன்னைக்கு லேட்டு"ன்னு கேட்கிறா. இவ பதில் சொல்றா.

இனிமே போகக் கூடாதுன்னேன். மறுநாள் நாலு மணிக்கு டீ வச்சா. செருப்பை மாட்டினா. போயிட்டா, பைபாஸ் வழியா, அந்த வெயில்ல. ஒன்றரைக் கிலோமீட்டர் போக, ஒன்றரைக் கிலோமீட்டர் வர.

ஆனி மாசம் அந்தச் சம்பவம். செங்கமலத்தோட பொண்ணு பவித்ரா, ஏழாங்கிளாஸ். ஸ்கூல் விட்டுப் பைபாஸ் ஓரமா வர்றப்ப ஒரு பைக்காரன் இடிச்சுட்டான். கை ரெண்டு இடத்துல முறிஞ்சுது. வலது கை. ஓரமாப் பார்த்து நடக்கணும்னு சொல்லித் தரணும் இல்லையா? அதைச் சொன்னா நான் கல் நெஞ்சக்காரன். அன்னைக்கு திலகா வீட்டுக்கு வரலை. பெரியாஸ்பத்திரியில அந்தப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்திருந்தாளாம், மறுநாள் மத்தியானம் வரைக்கும். நான் ராத்திரி பிரெட் சாப்பிட்டேன். ஜாம் எங்க இருக்குன்னு தெரியலை.

திரும்பி வந்தவ என்கிட்ட ஒரு வார்த்தைதான் கேட்டா. "அந்தச் சுவரை எடுத்துடுங்களேன்."

"சங்கத்தோட முடிவு அது. நான் தனியா எடுக்க முடியாது"ன்னேன்.

"சங்கம்னா யாருங்க?"

நான் பேப்பரைப் பிரிச்சேன். இதுக்கெல்லாம் விளக்கம் சொன்னா புரியுமா?

சூளைத் தெருக்காரங்க மனு கொடுத்தாங்க. ஆடியில விசாரணை. சப்-கலெக்டர் ஒரு சின்னப் பொண்ணு, என் பேத்தி வயசுன்னு சொல்ல முடியாது, மக வயசு. நான் பைல், சட்டப் பிரிவு, போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டு, பேன்ட் சட்டையில டக் இன் பண்ணிட்டுப் போனேன். நம்ம நகர்லேருந்து முப்பத்தோரு வீட்டுக்கும் தகவல் கொடுத்திருந்தேன். ஒருத்தரும் வரலை. எல்லாருக்கும் வேலை இருக்குமில்லையா? அந்தப் பக்கம் தெருவே வந்து நின்னுது. கையில கட்டோட அந்தப் பொண்ணு வேற. அனுதாபம் தேடத்தான்.

அந்தம்மா பழைய வரைபடத்தை மேஜை மேல விரிச்சாங்க. ஓரம் மஞ்சளாயிடுச்சு. என் கோடு மட்டும் அப்படியே இருந்தது. "பொதுப் பாதை, பத்தடின்னு இருக்கே. இது யார் வரைஞ்சது சார்?"

"நான்தான் மேடம்."

"முப்பத்தாறு வருஷம் முன்னாடி இதை எதுக்குப் போட்டீங்க? அப்ப அந்தப் பக்கம் சூளை மட்டும்தானே இருந்தது?"

உள்ளதைச் சொல்றேன், அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கலை. எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு. இந்த இடத்தை அளக்க வந்தப்ப பொட்டல் காடு. குறுக்கால ஒரு ஒத்தையடித் தடம், மண்ணு இறுகி வெள்ளையாக் கிடந்தது. சூளைக்காரப் பொம்பளைங்க தலையில தண்ணிக் குடத்தோட வரிசையாப் போனாங்க. எனக்கு மேலதிகாரி தேவசகாயம்னு ஒருத்தர். ஜனங்க நடந்து நடந்து போட்ட தடம்யா, அவங்க நமக்கு முந்தியே வரைஞ்சு வச்சுட்டாங்க, அழிக்காதேன்னார். நானும் அப்படியே கோட்டைப் போட்டேன். அன்னைக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. சின்ன வயசு, எதுக்கெல்லாமோ சந்தோஷம் வரும்.

அதை நான் சொல்லலை. "அப்போதைய விதிமுறைப்படி போட்டது மேடம்"னு சொன்னேன்.

அந்தம்மா மனுவுல இருந்த பேரை ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. செங்கமலம். அன்னக்கொடி. மூணாவது பேரு, திலகவதி சபாநடேசன், பதினாலாம் நம்பர் வீடு, ரெண்டாவது தெரு, நந்தவன நகர்.

நிமிர்ந்து பார்த்தேன். பின் வரிசையிலேருந்து எழுந்து நின்னா. நல்ல புடவை கட்டியிருந்தா. காலைல எனக்கு இட்லி வச்சுட்டு, போயிட்டு வாங்கன்னு அனுப்பி வச்சவ. எனக்குப் பின்னாடியே பஸ் ஏறி வந்திருக்கா.

சப்-கலெக்டர் என்னையும் பார்த்து அவளையும் பார்த்தாங்க. "நீங்க இந்தப் பக்கம் குடியிருக்கிறவங்கம்மா. உங்களுக்கு எதுக்குப் பாதை?"

"அந்தப் பக்கம் போகணும்."

"அங்க என்ன வேலை?"

திலகா கூட்டத்துல பேசிப் பழக்கமில்லாதவ. முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னா.

"வேலை ஒண்ணும் இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் அந்தப் பக்கம்தான் இருக்காங்க."

கேட்டீங்களா தம்பி? முப்பத்திரண்டு வீடு. டாக்டர், புரொபசர், பேங்க் மேனேஜர். நோட்டீஸ் போர்டு. பொங்கலுக்குக் கோலப் போட்டி, ஆகஸ்ட் பதினஞ்சுக்கு மிட்டாய். அத்தனையும் நான் உண்டாக்கினது. அதோட, அவளுக்கு நாலடி முன்னாடி நான் உட்கார்ந்திருக்கேன்.

பதினஞ்சு நாள்ல சுவரை உடைக்கணும்னு உத்தரவு. மேல்முறையீடு செய்யறதுக்கு அவசரக் கூட்டம் போட்டேன், சமுதாயக் கூடத்துல. மூணு பேர் வந்தாங்க. ஒருத்தர் தெரு விளக்கு எரியலைன்னு சொல்ல வந்தவர். புரொபசர் சொல்றார், "விடுங்க சார், எங்க வீட்டு வேலைக்காரம்மா சுத்தி வர்றதால தினமும் லேட்டாகுது"ன்னு. செம்பருத்தி போச்சுன்னு என்கிட்ட அழுத ஆளு. இவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய முடியும்? தீர்மானம் ஏகமனதா நிறைவேறியதுன்னு எழுதி வச்சுட்டு வந்தேன். அப்புறம் மேல்முறையீடு போகலை.

உடைச்சாங்க. அவங்களே வந்து உடைச்சு, செங்கலையெல்லாம் ஓரமா அடுக்கிட்டுப் போனாங்க. பழைய சூளைக்காரங்க, கல்லை வீணாக்க மனசு வரலை போலிருக்கு.

நான் திலகாகிட்ட பேசறதை நிறுத்தினேன். உறைக்கட்டும்னு. பதினோரு நாள் ஒரு வார்த்தை பேசலை. பன்னெண்டாம் நாள் காப்பி கொடுக்கிறப்ப, "தொண்டை சரியில்லையா? ரெண்டு நாளா பேசவே மாட்டேங்கறீங்களே"ன்னா.

ரெண்டு நாளாம்.

ஒரு தடவை நானும் போனேன். வேடிக்கை பார்க்க இல்லை, உடைச்ச இடம் சரியாப் பத்தடி இருக்கான்னு அளந்து பார்க்க. டேப்போட போனேன். பன்னெண்டடி உடைச்சிருக்காங்க. அதைச் சொல்லலாம்னு வேப்ப மரத்தடிக்குப் போனா, எல்லாப் பொம்பளைங்களும் எழுந்து நின்னுட்டாங்க. திலகா மட்டும் எழுந்திருக்கலை. செங்கமலம் ஓடிப் போய் ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்து, துணியால துடைச்சுப் போட்டா. உட்கார்ந்தேன். அவங்க எல்லாரும் கீழ, நான் மேல. "டீ குடிக்கிறீங்களாய்யா?"ன்னு கேட்டா. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள திலகா, "அவர் வெளியில சாப்பிட மாட்டார்"னுட்டா. சரிதான், நான் சாப்பிட மாட்டேன். ஆனா நான் சொல்லியிருப்பேன்.

நீங்க பேசிக்கிட்டிருங்கன்னேன். யாரும் பேசலை. வெங்காயத் தோல் உரியற சத்தம் மட்டும்தான். அந்தப் பொண்ணு பவித்ரா கட்டுப் பிரிச்ச கையால, விரல் சரியா மடங்கலை, ஒவ்வொண்ணா எடுத்து உரிச்சுக்கிட்டிருந்தா. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பன்னெண்டடி விஷயத்தைச் சொல்லாமலே எழுந்து வந்துட்டேன். ரெண்டடியால என்ன போச்சு?

சாயந்திரம் திலகா சொல்றா, "நாளைக்கும் வாங்க. ஒரு வாரம் வந்தா பேச ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கும் முதல்ல ஒரு மாசம் யாரும் பேசலை. சும்மா உட்கார்ந்துதான் இருந்தேன்."

ஒரு மாசம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். யாரும் பேசாத இடத்துல. எதுக்கு? வீட்டுல உட்காரக் கூடாதா? இங்கேயும்தான் யாரும் பேசமாட்டாங்க.

நான் போகலை. நான் எதுக்குப் போகணும்? முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். வேணும்னா அவங்க வரட்டும், பாதை ரெண்டு பக்கமும் திறந்துதானே இருக்கு.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். அந்தப் பக்கத்து ஜன்னல் வேண்டாம்னா அடைச்சுத் தரேன். உங்களுக்குக் குடும்பம் எத்தனை பேர்? அப்பா இருக்காரா? வந்தா கூட்டிட்டு வாங்க, பேசிக்கிட்டிருக்கலாம், படிச்சவர்னா நல்லது. என்ன, யோசிச்சு சொல்றீங்களா? இதுக்கு முன்னாடி வந்த நாலு பேரும் அதைத்தான் சொன்னாங்க. பரவாயில்லை, நம்பரைக் குறிச்சுக்கங்க. லேண்ட்லைன்தான். நாலு மணிக்கு மேல ஆறரைக்குள்ள பண்ணுங்க. அந்த நேரத்துல வீட்டுல நான் ஒருத்தன்தான் இருப்பேன், முதல் மணியிலேயே எடுத்துடுவேன்.